அரைமணி நேரப் பியானோ

1785-இல் வியன்னாவின் பதிப்பாளர் ஹாஃப்மைஸ்டர், மொட்சார்ட்டிடம் மூன்று பியானோ குவார்ட்டெட்டுகள் கேட்டு ஒப்பந்தம் போட்டார். பியானோ, வயலின், வியோலா, செல்லோ என நான்கே வாத்தியங்கள். வீட்டுக் கூடத்தில் நண்பர்கள் கூடி வாசிக்கத் தோதான அமைப்பு. மாலையில் பொழுதும், வீட்டில் வாத்தியமும், ஓரளவு ஓடும் விரல்களும் உள்ள குடும்பத்தாரை நம்பி நடந்த வியாபாரம் அது. அக்டோபரில் முதல் குவார்ட்டெட் தயாரானது. ஜி மைனரில் இறுக்கமான இசை, பியானோவுக்குக் கச்சேரித் தரத்தில் வேலை. அச்சாகி வந்தது, விற்கவில்லை. ரொம்பக் கடினம் என்று ஜனங்கள் ஒதுக்கிவிட்டார்கள். மீதி இரண்டும் வேண்டாம் என்று ஒப்பந்தம் அத்தோடு முடிந்தது.

இதன் மறுபக்கம் மூன்று ஆண்டுகள் கழித்து வைமாரில் வெளிவந்த ஒரு நாகரிக இதழில் பதிவாகியிருக்கிறது. மொட்சார்ட்டின் பியானோ குவார்ட்டெட் ஒன்றைப் போகிற ஊரிலெல்லாம், இரைச்சலான கூட்டங்களில், அரைகுறையாக வாசிக்கிறார்கள், கேட்பவர்கள் கொட்டாவி விடுகிறார்கள் என்று அதன் நிருபர் அலுத்துக்கொள்கிறார். தேர்ந்த நால்வர் நன்றாகப் பழகிவிட்டு, அமைதியான அறையில் அதையே வாசித்தபோது அது வேறு இசையாகவே இருந்தது என்றும் சொல்கிறார். கடினம் என்று ஒதுக்கப்பட்ட இசை சில ஆண்டுகளில் மோஸ்தராகிவிட்டது. ஆனால் வாசித்தவர்களுக்குக் கை மட்டும் வரவில்லை.

அமெச்சூர் இசைக்காரரின் நிலைமை இன்றும் ஏறக்குறைய அதுதான். பிழைப்புக்கு வேறு வேலை, வாத்தியத்துக்கு மிஞ்சுவது நாளுக்கு அரைமணி, மனசு போகும் இடமோ பீத்தோவன், ஷோபான். எதை எடுத்து வாசிப்பது, எடுத்ததை எப்படிச் சாதகம் செய்வது என்ற இரண்டு கேள்விகளைத் தனித்தனியாகப் பேசுவதுதான் வழக்கம். ஆசிரியர்கள் சாதகத்தைப் பற்றிப் பக்கம் பக்கமாகச் சொல்வார்கள். தேர்வை ரசனையிடம் விட்டுவிடுவார்கள். அமெச்சூரைப் பொறுத்தவரை அந்தப் பிரிவினை செல்லாது. நேரம் குறைவாக உள்ளவருக்குத் தேர்வு தவறினால், எந்தச் சாதக முறையும் அவரைக் கரைசேர்க்காது.

கர்நாடக சங்கீதம் கற்றவருக்கு இந்தத் தொல்லை அவ்வளவாக இல்லை. சரளி வரிசை, ஜண்டை வரிசை, அலங்காரம், கீதம், வர்ணம், பிறகு கீர்த்தனை என்று பாதை போட்டாகிவிட்டது. அடுத்தது எது என்பதைக் குரு சொல்வார். மேற்கத்திய செவ்வியல் இசையில் ஆரம்பப் பாடங்கள் தாண்டியதும் கடைத்தட்டு முழுக்கத் திறந்து கிடக்கிறது. 2006-இல் தொடங்கிய ஐஎம்எஸ்எல்பி என்ற இணைய நூலகம், காப்புரிமை தீர்ந்த நொட்டேஷன்களை இலவசமாகவே தருகிறது. பாக் முதல் ரவேல் வரை எல்லாம் ஒரே சொடுக்கில் வந்துவிடும். தடுக்க ஆளில்லாத இடத்தில்தான் தடுக்கி விழுவதும் அதிகம்.

ஒரு காலத்தில் இந்தப் பொறுப்பை இசையமைப்பாளர்களே எடுத்துக்கொண்டார்கள். ஹைடனின் எஜமானர் நிக்கோலாஸ் எஸ்டர்ஹாஸி இளவரசர் பாரிட்டன் வாசிப்பவர். பாரிட்டன், வில்லால் இழுத்து வாசிக்கும் நரம்புகளுக்குப் பின்னால் விரலால் மீட்டவும் சில கம்பிகள் கொண்ட ஒரு விசித்திர வாத்தியம். அதற்காக ஹைடன் பத்தாண்டுக் காலத்தில் எழுதிக் குவித்த மூவிசைகள் 120-க்கும் மேல். பெரும்பாலானவை ஏ, டி, ஜி மேஜர் ஸ்கேல்களில் அமைந்தவை. அந்த வாத்தியத்தில் கைக்கு அடங்குபவை அவைதான். தன் சக்திக்கு ஏற்ற இசையைச் சம்பளம் கொடுத்தே எழுதவைத்துக்கொண்ட அமெச்சூர் என்று இளவரசரைச் சொல்லலாம். அந்தக் கொடுப்பினை எல்லோருக்கும் கிடைக்குமா?

மற்றவர்களுக்கு அச்சு இருந்தது. பாக் 1723-இல் தொகுத்த இன்வென்ஷன்களின் முகப்பிலேயே, இது கீபோர்டை நேசிப்பவர்களுக்கும் கற்க விரும்புபவர்களுக்குமான வழிகாட்டி என்று எழுதியிருக்கிறார். 1741-இல் அச்சான கோல்ட்பர்க் வேரியேஷன்ஸின் முகப்பும் இசைப் பிரியர்களின் மனமகிழ்ச்சிக்காக என்றே சொல்கிறது. இன்று தொழில்முறைக் கலைஞர்களே வருஷக்கணக்கில் தயாராகி மேடையேற்றும் படைப்பு அது! அக்கால லைப்சிக்கின் இசைப் பிரியர்கள் எல்லோரும் அசகாய சூரர்கள் என்று நினைக்க வேண்டியதில்லை. முழுவதையும் ஒரே மூச்சில் சபையில் வாசிக்க வேண்டும் என்று அப்போது யாரும் எதிர்பார்க்கவில்லை. பிடித்ததை ஒன்றிரண்டாக எடுத்து, தனக்குத்தானே வாசித்துக்கொண்டால் போதும். இந்தப் பழக்கம் நம் காலத்தில் அற்றுப்போனது பெரிய இழப்பு. ‘முழுதாக வாசி, இல்லையேல் தொடாதே’ என்பது கச்சேரி மேடையின் சட்டம். வீட்டுக்குள் அதற்கு என்ன வேலை?

பத்தொன்பதாம் நூற்றாண்டில் வீட்டுப் பியானோ பெருகியதும் இந்தச் சந்தை வீங்கியது. ஷூமன் 1848-இல் மூத்த மகள் மாரியின் ஏழாவது பிறந்தநாளுக்காகச் சின்னச் சின்ன உருப்படிகள் எழுதத் தொடங்கி, 43 கொண்ட ‘இளையோர் ஆல்பம்’ ஆக்கினார். பிறகு அதோடு சேர்த்த அறிவுரைகளில், கடினமானதைச் சுமாராக வாசிப்பதைவிட எளிதானதை அழகாக வாசிப்பது மேல் என்கிறார். விரலைப் பலப்படுத்த ஏதேதோ செய்யப்போய்க் கையையே கெடுத்துக்கொண்டு பியானோக் கலைஞராகும் கனவைத் துறந்தவர் சொன்னது என்பதால் அதற்கு எடை அதிகம். சாய்கோவ்ஸ்கியின் ‘பருவங்கள்’ 1876-இல் செயின்ட் பீட்டர்ஸ்பர்க்கின் ‘நூவெல்லிஸ்ட்’ இதழில் மாதம் ஒன்றாகப் பன்னிரண்டும் வெளிவந்தது. சந்தாதாரர் அந்த மாதத்துக்குள் ஒன்றைப் பழகினால், அடுத்த மாதம் அடுத்தது. க்ரீக் 1867 முதல் 1901 வரை பத்துத் தொகுதிகளில் 66 ‘லிரிக் பீஸ்’கள் தந்தார். இவர்கள் யாரும் தரத்தைக் குறைத்துக்கொண்டு எழுதவில்லை. நீளத்தைக் குறைத்துக்கொண்டார்கள், கை பாயும் தூரத்தைக் குறைத்துக்கொண்டார்கள்.

தரத்தைக் குறைத்தவர்களும் உண்டு. வார்சாவில் 1856-இல் இளம்பெண் டெக்லா பாடர்ஷெவ்ஸ்கா வெளியிட்ட ‘கன்னியின் பிரார்த்தனை’ உலகெங்கும் விற்றது. விமர்சகர்கள் திட்டித் தீர்த்தார்கள். கேட்டால் சரசரவென்று கை ஓடுவது போலத் தோன்றும், வாசிக்க அவ்வளவு கஷ்டம் இல்லை. வெற்றிக்குக் காரணம் அவ்வளவுதான். தைவானில் குப்பை வண்டி தெருவுக்குள் வரும்போது ஒலிப்பது இன்றும் இந்தப் பாட்டு, அல்லது பீத்தோவனின் ‘ஃபூர் எலீஸ்’.

கிராமஃபோன் வந்ததும் இந்த ஏற்பாடு மெல்லக் கலைந்தது. அதற்கு முன்பு ஒரு சிம்பொனியைக் கேட்க வேண்டுமானால் பெரிய ஊரில் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் ஒரே பியானோவில் இருவர் உட்கார்ந்து நான்கு கைகளால் வாசித்துக்கொள்ள வேண்டும். பிராம்ஸ் தன் முதல் இரண்டு சிம்பொனிகளைத் தானே நாலு கைக்கு மாற்றி எழுதினார். இசைத்தட்டு வந்த பிறகு வாசிக்கும் கட்டாயம் போய்விட்டது. இன்னொன்றும் நடந்தது: அமெச்சூரின் காதில் ரூபின்ஸ்டைனும் ஹொரோவிட்ஸும் குடியேறினார்கள். தன் கையிலிருந்து வருவதை அவர் பக்கத்து வீட்டுக்காரரோடு ஒப்பிடுவதை நிறுத்தி, உலகின் முதல் பத்துப் பேரோடு ஒப்பிடத் தொடங்கினார். இசையமைப்பாளர்களும் பெரும்பாலும் அமெச்சூரைக் கைவிட்டார்கள். பார்டோக் விதிவிலக்கு. 1926 முதல் 1939 வரை எழுதிய ‘மைக்ரோகாஸ்மோஸ்’ ஆறு தொகுதிகளில் 153 உருப்படிகள். முதல் பக்கம் ஐந்து விரலுக்குள் அடங்கும், கடைசித் தொகுதி கச்சேரி மேடைக்குப் போகும்.

இசையமைப்பாளர் விட்ட இடத்தைத் தேர்வு வாரியங்கள் பிடித்துக்கொண்டன. 1877-இல் தேர்வுகளைத் தொடங்கிய லண்டன் ட்ரினிட்டியும், 1889-இல் நிறுவப்பட்ட ஏபிஆர்எஸ்எம்மும் கிரேடு கிரேடாகத் தேர்வு நடத்துகின்றன. சென்னையில் இந்தப் பழக்கத்துக்கு ஆழமான வேர் உண்டு. 1842-இல் மிஸ்க்வித் கம்பெனியாகத் தொடங்கிய மியூசி மியூசிகல் கடை அண்ணா சாலையில் பல தலைமுறைகளுக்கு வாத்தியமும் நொட்டேஷனும் ட்ரினிட்டி தேர்வும் தந்த இடம். இளையராஜா கிளாசிக்கல் கிட்டாரில் ட்ரினிட்டி தேர்வெழுதியதும், 1986-இல் ‘ஹவ் டு நேம் இட்’ ஆல்பத்தில் பாக்கைத் தன் வீட்டுக்கே வரவழைத்ததும் தெரிந்த கதை.

கிரேடு முறையால் நன்மை இல்லாமல் இல்லை. அடுத்த படி எவ்வளவு உயரம் என்பதை நேர்மையாகக் காட்டுகிறது. வெவ்வேறு காலகட்டத்து இசையைத் தொடவைக்கிறது. சிக்கல், ஒரு கிரேடுக்கு மூன்று பீஸ் போதும் என்பதில் இருக்கிறது. அந்த மூன்றையே வருஷம் முழுக்கத் தேய்த்துத் தேறிய பிள்ளை, எட்டாவது கிரேடு சான்றிதழோடு கல்லூரிக்குப் போகும்போது அதன் கையிருப்பு இருபத்தைந்து உருப்படிகூட இல்லை. புது நொட்டேஷனைக் கண்டால் எழுத்துக்கூட்டிப் படிக்கும். வேலை, கல்யாணம் எல்லாம் ஆகி, நாற்பதில் ஒரு டிஜிட்டல் பியானோ வாங்கி மறுபடி உட்காரும்போது, விட்ட இடத்திலிருந்து தொடரலாம் என்று எட்டாவது கிரேடு புத்தகத்தையே பிரிக்கும். விரல் மறுத்துவிடும்.

இனி கடினம் என்பது எங்கே ஒளிந்திருக்கிறது என்று பார்க்கலாம். ஜெர்மானியப் பதிப்பகமான ஹென்லே தன் வெளியீடுகளுக்கு 1 முதல் 9 வரை எண் போட்டு வைத்திருக்கிறது: மூன்று வரை எளிது, ஆறு வரை நடுத்தரம், அதற்கு மேல் கடினம். பயனுள்ள ஏற்பாடுதான். ஆனால் அது ஒட்டுமொத்தத்துக்கான மதிப்பெண். அமெச்சூர் தடுக்கி நிற்பது ஒட்டுமொத்தத்தில் இல்லை, ஏதோ இரண்டு வரியில். நொட்டேஷனில் இரண்டு குத்துக்கோடுகளுக்கு நடுவே அடைபடும் தாள அளவை ‘பார்’ என்பார்கள். எந்த உருப்படியானாலும் அதன் மிக மோசமான நான்கு பார்களைக் கண்டுபிடித்து முதலில் அவற்றை வாசித்துப் பார்ப்பதுதான் சரியான சோதனை. முதல் பக்கம் எப்போதும் நைச்சியமாகத்தான் பேசும்.

‘ஃபூர் எலீஸ்’ இதற்கு நல்ல உதாரணம். பீத்தோவன் 1810-இல் எழுதி, அவர் இறந்து நாற்பது ஆண்டுகள் கழித்து 1867-இல் அச்சான சிறு உருப்படி. பியானோ தொட்ட எவரும் அதன் முதல் எட்டு பார்களை வாசிப்பார்கள். கைகள் மாறி மாறி வருவதால் இரண்டையும் ஒருசேரச் சமாளிக்கும் கஷ்டமே இல்லை. பிறகு எஃப் மேஜருக்குத் தாவும் பகுதி வரும். சட்டென்று வலக்கை இரண்டு மடங்கு வேகத்தில் ஓட வேண்டும். அதையும் தாண்டினால் இடக்கை ஒரே ‘ஏ’ கட்டையை விடாமல் தட்டிக்கொண்டிருக்க, மேலே பல சுரங்களை ஒருசேர அழுத்தும் கனமான கார்டுகள். அதன் முடிவில் கட்டை கட்டையாக இறங்கிவரும் ஓட்டம். கல்யாண மண்டபத்து மின்பியானோவில் ஆரம்பித்த நூறு பேரில் தொண்ணூறு பேர் அங்கே போவதே இல்லை. முதல் பகுதியையே சுற்றிச்சுற்றி வந்து எழுந்துவிடுவார்கள். இந்த விகிதம் கணக்கெடுப்பு அல்ல, காதுக்கு எட்டியது.

‘மூன்லைட்’ சொனாட்டாவின் முதல் பகுதியில் ஏமாற்று வேறு விதம். மெதுவானது, விரல் ஓட்டம் இல்லை, நாலு ஷார்ப் பழகிவிட்டால் கட்டைகள் தாமாக வரும். ஆனால் வலக்கையின் சுண்டுவிரல் பாட்டைப் பாட, அதே கையின் மற்ற விரல்கள் கீழே மும்மூன்றாக ஓடும் சுரங்களை அடக்கி வாசிக்க வேண்டும். ஒரே கைக்குள் இரண்டு விதமான எடை. போதாக்குறைக்கு, பகுதி முழுவதையும் சுருதிகள் அடங்காமல் ஒலிக்கவிட்டே வாசிக்கச் சொல்கிறார் பீத்தோவன். அவர் காலத்துப் பியானோவில் ஒலி சீக்கிரம் தேய்ந்துவிடும்; இன்றைய பியானோவில் பெடலை அப்படியே மிதித்து வைத்தால் குழம்பிப்போகும். பாதத்தால் பாதி மிதித்து, பாதி விட்டுச் சமாளிக்க வேண்டும். கற்க ஒரு மாதம், கேட்கும்படி செய்ய ஒரு வருஷம். கடைசிப் பகுதியின் சூறாவளி வேகம் வேறு கதை. அதை இங்கே பேசிப் பயனில்லை.

மொட்சார்ட் தன் படைப்புப் பட்டியலில் 1788 ஜூனில் ‘தொடக்கநிலையினருக்கு’ என்று குறித்துவைத்த சி மேஜர் சொனாட்டா, கே.545, இன்னும் பொல்லாதது. நாலு பார் தாலாட்டுப் போலப் போய், ஐந்தாவதில் ஸ்கேல்கள் ஏறி இறங்கத் தொடங்கும். சுரங்கள் எல்லாருக்கும் தெரிந்தவைதான், ஆனால் மூடி மறைக்கப் பக்கத்தில் ஒன்றுமே இல்லை. ஒரு சுரம் கொஞ்சம் தடித்தால்கூட வெளியே தெரியும். மொட்சார்ட் சொனாட்டாக்கள் குழந்தைகளுக்கு எளிது, பெரிய கலைஞர்களுக்குக் கடினம் என்ற பொருளில் பியானோக் கலைஞர் ஷ்னாபெல் சொன்னது இந்த அம்மணத்தைத்தான்.

மறுபுறம், பார்க்கப் பயமுறுத்தி, கையில் அடங்கிவிடும் இசையும் உண்டு. கறுப்புக் கட்டைகள் நிறைந்த ஸ்கேல் என்றால் அமெச்சூர்கள் பக்கத்தைப் புரட்டிவிடுவார்கள். ஷோபான் தன் மாணவர்களுக்கு முதலில் கொடுத்தது பி மேஜர் ஸ்கேல். ஐந்து கறுப்புக் கட்டைகள் உள்ளது. நீளமான நடுவிரல்கள் உயரமான கறுப்புக் கட்டைமேல் இயல்பாக உட்காரும், கட்டைவிரல் வெள்ளையில் நிற்கும். எல்லாரும் எளிதென்று நினைக்கும் சி மேஜரை அவர் கடைசிக்குத் தள்ளினார். அவருடைய 1839-ஆம் ஆண்டு பிரெலூடுகள் இருபத்து நான்கில் பெரும்பாலானவை பேய் வேகம் அல்லது பேய்க் கனம். ஆனால் ஈ மைனரில் உள்ள நாலாவது 25 பார்கள், ஒரே பக்கம். வலக்கை சில சுரங்களை நீட்டிக்கொண்டிருக்க, இடக்கையின் கார்டுகளில் ஒவ்வொரு சுரமாக இறங்கி நிறம் மாறும். நடுவில் ஓரிடத்தில் பொங்கி அடங்கும். 1849-இல் ஷோபானின் இறுதிச் சடங்கில் ஆர்கனில் வாசிக்கப்பட்டவற்றில் இதுவும் ஒன்று. பெரியவர்களின் துக்கத்தைச் சுமக்கும் இசை, இரண்டாம் மூன்றாம் வருஷக் கைக்கு எட்டும் தூரத்தில்! அமெச்சூர் தேடித்தேடிச் சேர்க்க வேண்டியது இந்த வகை. பதினாறே பார்கள் உள்ள ஏழாவதும் அப்படித்தான். பன்னிரண்டாவது பாரில் ஒரு பெரிய கார்டு மட்டும் சின்னக் கைக்கு எட்டாது, சிதறடித்து வாசித்துக்கொள்ள வேண்டியதுதான்.

இதற்கெல்லாம் நேரெதிரான ஒரு துணிச்சல்தான் அண்மைக் காலத்தில் அதிகம் பேசப்பட்டது. பிரிட்டனின் ‘கார்டியன்’ நாளிதழின் அப்போதைய ஆசிரியர் ஆலன் ரஸ்பிரிட்ஜர் 2010-இல், 56-ஆவது வயதில், ஷோபானின் ஜி மைனர் ‘பாலாட்’ உருப்படியை வாசித்தே தீருவது என்று இறங்கினார். காலையில் வேலைக்குக் கிளம்பும் முன் 20 நிமிடம். கெடு ஒரு வருஷம். அந்த வருஷம் பார்த்து விக்கிலீக்ஸ் ஆவணங்களும், ‘நியூஸ் ஆஃப் தி வேர்ல்டு’ தொலைபேசி ஒட்டுக்கேட்பு விவகாரமும் அவர் அலுவலகத்திலேயே வெடித்தன. பல நாள் இருபது நிமிடமும் பறிபோனது. ஆனாலும் ப்ரெண்டெல், பெராயா, பாரன்பாய்ம் போன்ற பியானோக் கலைஞர்களை அணுகி அந்த பாலாட் பற்றிக் கேட்டார். மூளை விஞ்ஞானிகளிடம் வயதானவர்களின் ஞாபகத்தைப் பற்றிக் கேட்டார். கெடு தாண்டியது, கடைசியில் நண்பர்கள் முன் வாசித்தும் காட்டினார். 2013-இல் ‘ப்ளே இட் அகெய்ன்’ என்ற புத்தகமாக வந்தது இந்தக் கதை.

அந்த பாலாட்டைக் கொஞ்சம் கிட்டே போய்ப் பார்த்தால் அவர் எதில் தலையைக் கொடுத்தார் என்பது விளங்கும். மொத்தம் 264 பார்கள். ஏழு பார் முன்னுரை, இரண்டு கையும் ஒரே சுரத்தை எழுப்பிக்கொண்டு போகும், யாரும் வாசிக்கலாம். அடுத்து வரும் தயங்கித் தயங்கி நடக்கும் பாட்டும் அப்படித்தான். நடுவில் இரண்டு மூன்று இடங்களில் மூச்சு வாங்கும். 208-ஆவது பாரில் கோடா எனும் முடிவுப் பகுதி தொடங்குகிறது, ‘நெருப்போடு, மிக வேகமாக’ என்ற குறிப்புடன். வலக்கை கட்டைக்குக் கட்டை தாவ, இடக்கை அடித்தளத்துக்கும் நடுவுக்கும் பாய, மீதி 57 பார்களில் ஓய்வே கிடையாது. முதல் 207 பார்களுக்கு ஆன நேரத்தைவிடக் கடைசி 57 பார்கள் அதிகம் தின்னும். தொழில்முறைக் கலைஞர்களே கோடாவை நினைத்து வயிற்றில் புளியைக் கரைத்துக்கொண்டுதான் ஆரம்பத்தை வாசிக்கிறார்கள்.

ரஸ்பிரிட்ஜர் செய்தது சரியா? சாதனை என்ற வகையில் மறுப்பில்லை. ஆனால் அந்த நிமிடங்களில் ஈ மைனர் பிரெலூடு, சில மஸூர்க்காக்கள், ஷூமனின் ‘குழந்தைப் பருவக் காட்சிகள்’ என்று ஒரு சிறு நூலகமே கைக்கு வந்திருக்கும். மலையேறுகிறவரிடம் இந்தக் கணக்கைச் சொன்னால் கேட்கமாட்டார் என்பதும் உண்மை. பிடித்த மலை இல்லாமல் அவர் இருபது நிமிடம்கூட உட்கார்ந்திருக்க மாட்டார். ஆகவே சொல்லக்கூடியது இவ்வளவே: எட்டாத உருப்படி ஒன்றுக்கு மேல் கையில் இருக்கக் கூடாது, அது இருக்கும்போது எட்டும் உருப்படி ஒன்று பக்கத்தில் இருந்தே ஆக வேண்டும்.

சாதகத்துக்கு வருவோம். ஆஸ்டினில் உள்ள டெக்சஸ் பல்கலைக்கழகத்தில் ராபர்ட் டியூக்கும் இரு சகாக்களும் 2009-இல் வெளியிட்ட ஆய்வு ஒன்று அமெச்சூருக்கு நேரடியாக உதவும். உயர்நிலைப் பியானோ மாணவர் 17 பேரிடம் ஷோஸ்டகோவிச்சின் முதல் பியானோ கன்செர்ட்டோவிலிருந்து மூன்று பார் கொடுத்தார்கள். திருப்தியாகும் வரை எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் பழகலாம். மறுநாள் வந்து குறித்த வேகத்தில் வாசித்துக் காட்ட வேண்டும். எத்தனை நிமிடம் பழகினார்கள், எத்தனை முறை திருப்பி வாசித்தார்கள் என்பதற்கும் மறுநாள் தரத்துக்கும் சம்பந்தமே இருக்கவில்லை. முன்னணியில் வந்தவர்களும் தப்பு செய்தவர்கள்தான். ஆனால் தப்பு எந்த இடத்தில் என்று துல்லியமாகப் பிடித்து, அங்கேயே நின்று, வேகத்தைக் குறைத்துச் சரிசெய்து, அது மறுபடி வராதபடி பார்த்துக்கொண்டார்கள். தப்பாக வாசித்த தடவைகள் குறைவாக இருந்தவர்கள் முன்னே வந்தார்கள். அதாவது, விரல் சரியையும் தப்பையும் ஒரே விசுவாசத்தோடு பழகிக்கொள்கிறது.

வீடுகளில் நடப்பதோ இதற்கு நேர்மாறு. ஆரம்பத்திலிருந்து எடுப்பார், பதினெட்டாவது பாரில் கை பிசகும், ‘சே’ என்று மறுபடி ஆரம்பத்துக்கே போவார். முதல் பதினேழு பார்கள் நூறு முறை வாசிக்கப்பட்டிருக்கும். பதினெட்டாவது நூறு முறை தப்பாக.

‘நியூயார்க்கர்’ இதழில் எழுதிவந்த சார்லஸ் குக் என்ற அமெச்சூர் 1941-இலேயே இதற்கு ஒரு வழி சொல்லியிருக்கிறார். நாளுக்கு ஒரு மணி நேரம் வாசித்தவர். உருப்படியின் பலவீனமான இடங்களை முதலிலேயே கோடு போட்டுப் பிரித்து, எலும்பு முறிந்த இடங்களாக நினைத்துக் கட்டுப் போடச் சொல்கிறார். கூடிய எலும்பு முறிந்த இடத்தில் முன்னைவிடப் பலமாக இருக்குமாம். மருத்துவர்கள் ஒப்புக்கொள்வார்களோ என்னவோ, பியானோவில் அது பலிக்கிறது. வேகத்தைக் குறைப்பதைப் பற்றி இன்னொரு சாட்சியம்: ராக்மனினோவ் வீட்டு வாசலில் நின்ற ஏப்ரம் சேசின்ஸ் என்ற பியானோக் கலைஞருக்கு, உள்ளே என்ன வாசிக்கப்படுகிறது என்று நெடுநேரம் பிடிபடவில்லை. ஷோபானின் ஓர் எட்யூடை, ஒரு பாருக்குச் சுமார் 20 விநாடி என்ற வேகத்தில் வாசித்துக்கொண்டிருந்தாராம் அந்த அசுர வேகக்காரர்.

வாத்தியமே இல்லாமலும் சாதகம் நடக்கும். அல்வரோ பாஸ்குவல்-லியோன் குழுவினர் 1995-இல் வெளியிட்ட சோதனையில், இசை தெரியாதவர்களுக்கு ஓர் ஐந்து விரல் பயிற்சி கொடுத்து ஐந்து நாள் தினம் இரண்டு மணி நேரம் பழகவைத்தார்கள். ஒரு குழு வாசித்தது. இன்னொரு குழு கட்டையைத் தொடாமல் மனசுக்குள் மட்டும் வாசித்தது. விரலை இயக்கும் மூளைப் பகுதியில் இரு குழுவுக்கும் ஒத்த மாற்றம் தெரிந்தது. வாசிப்பில் மட்டும் முதல் குழு முந்தி இருந்தது. மின்சார ரயிலில் தாம்பரம் முதல் பீச் வரை உட்கார இடம் கிடைத்தால், நொட்டேஷனை மடியில் வைத்து இடக்கையை மட்டும் மனசுக்குள் ஓட்டிப் பார்க்கலாம்.

ஹானனின் 1873-ஆம் ஆண்டு அறுபது பயிற்சிகளைப் பற்றிக் கேட்காத அமெச்சூர் இல்லை. நாளுக்கு நாலு மணி உள்ளவர் அதில் அரைமணி செலவிடட்டும். அரைமணி மட்டுமே உள்ளவர் ஸ்கேலை உருப்படியின் உள்ளிருந்தே எடுத்துக்கொள்ளலாம், கே.545-இல் வேண்டியது கிடைக்கும். பாராமல் வாசிப்பதும் கட்டாயமில்லை. மேடையில் மனப்பாடமாக வாசிக்கும் வழக்கமே லிஸ்ட், கிளாரா ஷூமன் காலத்தில் பரவியதுதான். பியானோக் கலைஞர் ரிக்டர் கடைசிக் காலத்தில் நொட்டேஷனுக்குச் சின்ன விளக்கு வைத்துக்கொண்டு வாசித்தார்.

தனியாக வாசிப்பவருக்கு எந்த அறிவுரையும் அரைப்பலன்தான். கூட ஒருவர் உட்கார்ந்துவிட்டால், தப்பு வந்ததும் ஆரம்பத்துக்கு ஓடும் பழக்கம் அன்றே நின்றுவிடும், தாளம் காத்திருக்காது. ஐன்ஸ்டைன் வாழ்நாள் முழுக்க வயலினில் மொட்சார்ட்டை வாசித்தது பெரும்பாலும் நண்பர்களோடுதான். 1947-இல் அமெரிக்காவில் தொடங்கிய அமெச்சூர் சேம்பர் மியூசிக் பிளேயர்ஸ் சங்கம், ஊர்விட்டு ஊர் போகும் உறுப்பினர் அங்கே குவார்ட்டெட்டுக்கு ஆள் பிடிக்க உதவும் முகவரிப் பட்டியலாகவே வளர்ந்தது. உறுப்பினர்கள் தங்கள் தரத்தைத் தாங்களே ஏ, பி, சி, டி என்று குறித்துக்கொள்ள வேண்டும். போட்டி வேண்டுபவர்களுக்கு அதுவும் உண்டு: பாரிஸில் 1989 முதலும், டெக்சஸின் ஃபோர்ட்வொர்த்தில் கிளைபர்ன் அறக்கட்டளையின் ஆதரவில் 1999 முதலும் அமெச்சூர் பியானோப் போட்டிகள் நடக்கின்றன. கிளைபர்னில் 35 வயதுக்குக் கீழ் சேர்க்க மாட்டார்கள். டாக்டர்களும் வக்கீல்களும் என்ஜினியர்களும் அங்கே போய் ஷோபான் பாலாட்களைக் கோடாவோடு வாசிக்கிறார்கள்.

நாற்பதில் திரும்பி வந்து உட்காருபவருக்கு அது இப்போதைக்கு வேண்டாம். முதல் மூன்று மாதம் பாக்கின் சி மேஜர் இன்வென்ஷன் ஒன்று. 22 பார்கள்தான், ஆனால் இடக்கைக்கு வலக்கையோடு சமபங்கு வேலை, தூங்கிக்கிடந்த கை எழுந்துகொள்ளும். அதோடு க்ரீக்கின் முதல் லிரிக் பீஸான ‘அரியெட்டா’, ஒரே பக்கம். பிறகு ஈ மைனர் பிரெலூடு. மழைக்காலம் வரும்போது சாய்கோவ்ஸ்கியின் ‘அக்டோபர்’, வேகம் இல்லாதது, பாட்டு மட்டும் உள்ளது. ஞாயிற்றுக்கிழமைகளில் பழகாத எளிய நொட்டேஷன் ஏதாவது இரண்டு பக்கம், தப்பு வந்தாலும் நிற்காமல். பக்கத்தில் உட்கார ஓர் ஆள் அகப்பட்டால், நாலு கைக்கு எழுதப்பட்ட டுவோராக்கின் ஸ்லாவோனிக் நடனங்களில் மெதுவான ஒன்றைப் பிரித்துவைத்து, கீழ்ப் பாகத்தைத் தான் எடுத்துக்கொள்ளலாம். அதில் தாவல் குறைவு.